கல்லுக்குப் பின்னால் ஒரு கொள்ளுத்தாத்தா

"மழை வரும்னு சொன்னாங்களே" என்றார் இவாகிரி, நாலாவது முறையாக.

காரின் முன்கண்ணாடிக்கு அப்பால் குளிர்கால வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு மேகத் துணுக்குக்கூட உதவிக்கு வரவில்லை.

"வராது சம்பந்தி" என்றார் காரை ஓட்டிக்கொண்டிருந்த தோகாஷி. "உங்க கொள்ளுத்தாத்தாவே நமக்காக மேகத்தை ஒதுக்கி வெச்சிருக்கார். கடற்படைக்காரர் இல்லையா? காத்தும் மழையும் அவர் சொன்ன பேச்சைக் கேக்கும்."

பின் சீட்டிலிருந்து இவாகிரியின் மனைவி கினுயே இருமினாள். அது சளி இருமல் இல்லை என்பது முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா? அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோகாஷியின் மனைவி ஹிசயோ, மடியில் வெள்ளைச் செவ்வந்திப் பூங்கொத்தை வைத்துக்கொண்டு, "தொண்டை கட்டியிருக்கா சம்பந்தியம்மா?" என்று மிட்டாய் ஒன்றை நீட்டினார்.

கொள்ளுத்தாத்தா விவகாரம் போன மாதம் தொடங்கியது. இவாகிரியின் மகள் சினாத்சுவுக்கும் தோகாஷியின் மகன் இத்சுகிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு குடும்பமும் முதல் முறையாக ஓர் ஓட்டலில் சேர்ந்து சாப்பிட்டார்கள். தோகாஷி பல் டாக்டர். ஊரில் சொந்த மருத்துவமனை. சூப் வந்தபோது தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், கடைசியில் பழம் நறுக்கி வரும்வரை நிறுத்தவில்லை. அந்தக் கொள்ளுத்தாத்தா ஒரு பிரபுவின் அரண்மனை வைத்தியர். நாட்டைத் திருத்தப் புறப்பட்ட புரட்சிக்காரர்களுக்காக ரகசியச் செய்தி கொண்டுபோனபோது, அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் ஒற்றன் ஒருவன் கடற்கரைச் சாலையில் மறைந்திருந்து அவரை வெட்டிக் கொன்றான். அவருடைய கத்தி இன்றைக்கும் வீட்டு மாடத்தில் இருக்கிறது.

எல்லோரும் தலைகுனிந்து அரை நிமிடம் மௌனமாக இருந்தார்கள். அப்புறம் ஹிசயோ மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார்.

"உங்க பக்கம் எப்படிங்க?"

இவாகிரியின் பக்கம் எப்படியும் இல்லை. பேருந்துக் கம்பெனியின் கால அட்டவணைப் பிரிவில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குடும்ப வரலாறு என்று அவருக்குத் தெரிந்தது சுவரில் மாட்டியிருந்த ஒரு தாத்தா படம். அதற்கு முன்னால் கொஞ்சம் காதில் விழுந்த செய்தி, அதை அவர் வெளியில் சொல்வதில்லை. வாயைத் திறந்தார். ஆயுள் முழுக்க நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாக எழுதிய வாய். ஒரு நிறுத்தத்தின் பெயர்தான் வந்தது.

"கமெசாகி முனை... கடற்படை நினைவுக் கல்..."

"ஆ!" என்றார் தோகாஷி. அவர் கப்பல் வரலாற்றுப் பைத்தியம் என்பது இவாகிரிக்கு அப்போது தெரியாது. "நம்ம நாட்டோட முதல் நீராவிப் போர்க்கப்பல்ல பயிற்சிக்குப் போன பசங்களுக்கு வெச்ச கல்லுதானே? அதுக்கும் உங்களுக்கும்?"

"எங்க கொள்ளுத்தாத்தா அதுல ஒருத்தர்" என்றார் இவாகிரி. இவ்வளவு தூரம் வந்த பிறகு இறங்குவானேன் என்று மேலும் ஒரு படி ஏறினார். "கல்லுக்குப் பின்பக்கம் பேரு செதுக்கியிருக்கு. வருஷா வருஷம் குடும்பத்தோட போய்க் கும்பிட்டுட்டு வருவோம்."

தோகாஷி எழுந்து நின்று வணங்கினார். "இந்த வருஷம் நாங்களும் வர்றோம்."

அன்றிலிருந்து இவாகிரி தூங்கவில்லை. கல்லைச் சுற்றிச் சாரம் கட்டிப் பழுது பார்க்கிறார்கள் என்று ஃபோனில் சொன்னார். தோகாஷி நகராட்சிக்கே ஃபோன் போட்டு, "சாரமும் இல்லை, ஒண்ணும் இல்லை, எப்ப வேணும்னாலும் வரலாமாம்" என்று மகிழ்ச்சியோடு தகவல் தந்தார். முட்டி வலி, நடக்க முடியாது என்றார். மறுநாளே வீட்டு வாசலில் உயர்ந்த ரக முட்டிக்கவசம் ஒரு ஜோடி வந்து இறங்கியது. இப்போது அதைத்தான் கால்சட்டைக்குள் மாட்டிக்கொண்டு, விறைத்த கால்களோடு காரில் உட்கார்ந்திருந்தார்.

"உண்மையைச் சொல்லிடுங்க" என்று நேற்றுகூடக் கினுயே சொன்னாள். "டாக்டர்தானே, சொத்தைப் பல்லைப் பார்த்துப் பழகினவர். கோவிச்சுக்க மாட்டார்."

"கல்யாணம் முடியட்டும், சொல்லிடறேன்."

"அதுக்குள்ள உங்க கொள்ளுத்தாத்தா தளபதி ஆயிடுவாருங்க."

கார் நின்றது. கடல் காற்று கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இடப்பக்கம் பாறைகளை ஒட்டிக் கடலுக்கு இறங்கியது. இன்னொன்று வலப்பக்கம் மேட்டில் ஏறியது. பிரிகிற இடத்தில் துருப்பிடித்த அறிவிப்புப் பலகை ஒன்று. தோகாஷி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

வருஷா வருஷம் வருகிறவன் பலகையைப் பார்த்தா வழி கண்டுபிடிப்பான்?

"பலகை எதுக்கு டாக்டர்? நான் இருக்கேனே!" என்று பாய்ந்துபோய் மறித்தார் இவாகிரி. கடற்படை என்றால் கடல். கடல் இடப்பக்கம். முட்டிக்கவசம் கிறீச்சிட இடப்பக்கப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினார்.

"முட்டி வலின்னீங்க?"

"இந்த மண்ணை மிதிச்சாப் போயிடும்."

வளைவு திரும்பியதும் கல் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் அரை ஆள் உயரம், கருங்கல், கடலைப் பார்த்தபடி. இவாகிரிக்கு உயிர் வந்தது. கல் இருக்கிறது! பாதி கிணறு தாண்டியாகிவிட்டது.

கல்லின் முகத்தில் பெரிய பெரிய எழுத்துகள். பழைய காலத்துக் கூட்டெழுத்து. கொடி படர்ந்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று செதுக்கியவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். கல்லின் காலடியில் ஒரு மதுக் கிண்ணம், அதன் மேல் குறுக்காக ஒரு ஜோடிச் சாப்பாட்டுக் குச்சிகள்.

"இது எதுக்குங்க குச்சி?" என்று கேட்டாள் கினுயே.

இவாகிரி விழித்தார். நல்ல வேளை, தோகாஷிக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

"கப்பல் ஏறறதுக்கு முந்தி கரையில கடைசியாச் சாப்பிட்ட சாப்பாடு. அதோட அடையாளம்" என்றார் குரல் தழுதழுக்க. "சரியா சம்பந்தி?"

"எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க."

"இந்த எழுத்தைப் படிங்களேன். உங்க வாயால கேக்கணும்."

இவாகிரி கண்களை மூடிக்கொண்டார். "நாங்க வாய்விட்டுப் படிக்கிறதில்லை டாக்டர். மரியாதை. மனசுக்குள்ளதான்."

தோகாஷி நெகிழ்ந்துபோனார். ஆனால் அவர் வாய்விட்டுப் படிக்கிற ரகம். கல்லுக்கு அருகில் போய் எழுத்துகளை விரலால் தடவினார். "இதோ, 'கடல்'. இது 'துணிச்சல்'. இது... 'உயிர்'. கீழே 'ஆவி'. புரியுதா? கடலுக்காகத் துணிஞ்சு உயிரைக் குடுத்த ஆவிகள்! அடடா, என்ன எழுத்து! என்ன கம்பீரம்!"

நடுவில் அவர் தாண்டிப்போன எழுத்துகள் நாலைந்து இருந்தன. யாரும் கேட்கவில்லை. படித்தவர் ஒருவர் தாண்டினால் அது தேவையில்லாத எழுத்தாகத்தான் இருக்கும்.

"இப்ப பின்பக்கம்" என்றார் தோகாஷி, கைகளைத் தேய்த்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம் டாக்டர். பாசி இருக்கும். நான் முதல்ல போய்த் துடைச்சு வைக்கிறேன்."

இவாகிரி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அங்கே ஒரு எழுத்தும் இருக்காது. 'ஐயோ, காத்துல அழிஞ்சுபோச்சே' என்று ஒரு கூச்சல் போட்டுவிடலாம் என்பது திட்டம். போனவர் அப்படியே நின்றார்.

பெயர்கள். மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக, இருபது சொச்சம் பெயர்கள். ஓட்டலில் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது கல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது! தனக்குத் தெரியாமல் தன்னிடம் ஏதோ தெய்வ சக்தி இருக்கிறதோ என்று ஒரு கணம் அவருக்கே புல்லரித்தது.

மேலிருந்து கீழே தேடினார். கீழிருந்து மேலே தேடினார். இவாகிரி இல்லை.

ஆனால் கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பெயர் மட்டும் அழிந்திருந்தது. மற்ற பெயர்கள் எல்லாம் துல்லியமாக இருக்க, அந்த ஓரிடம் மட்டும் வெறும் பள்ளம்.

"டாக்டர்! வாங்க! இதோ இருக்கார்!"

மூவரும் வந்தார்கள். இவாகிரி பள்ளத்தின் மீது உள்ளங்கையை வைத்தார். "கடல் காத்து தின்னுடுச்சு. இருந்தாலும் எங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் இங்கதான் கையை வைப்போம். இல்லையா கினுயே?"

"ஆமாம்" என்றாள் கினுயே. "கை வைக்காத இடமே பாக்கி இல்லை."

ஹிசயோ பூங்கொத்தைக் கல்லடியில் வைத்தார். தோகாஷி இடுப்பை மடக்கி மிக நீளமாக ஒரு வணக்கம் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நீர். பாசி துடைக்க எடுத்த கைக்குட்டையை இவாகிரி அவரிடம் நீட்டினார். இல்லாத தாத்தாவுக்காக அழுகிற சம்பந்தி யாருக்குக் கிடைப்பார்?

அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் தோகாஷி சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. பள்ளத்துக்குள் அதை விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சம்பந்தி."

"சொல்லுங்க டாக்டர்."

"இது காத்து தின்னது இல்லை. நான் வாழ்நாள் பூரா சொத்தையைப் பார்த்தவன். சொத்தைன்னா ஓரம் கொழகொழன்னு இருக்கும். இது ஓரம் கத்தி மாதிரி இருக்கு. யாரோ வேணும்னே உளி வெச்சுச் சுரண்டியிருக்காங்க."

"சுரண்டினாங்களா? யாரு?"

"அதான் யோசிக்கிறேன்." தோகாஷி கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இத்தனை பேர்ல ஒருத்தர் பேரை மட்டும் எடுத்திருக்காங்கன்னா... ஐயையோ. நான் ஒரு புத்தகத்துல படிச்சிருக்கேன். முதல் பயணத்துலயே ஒரு பயிற்சிப் பையனுக்குக் கடல் ஒத்துக்காம, திசைகாட்டி மேலேயே வாந்தி எடுத்துட்டான். முள்ளு தெரியலை. கப்பல் நேராப் போய் மணல் திட்டுல ஏறி உக்காந்துடுச்சு. பிரபு கரையில நின்னு பார்த்துட்டிருக்கார். கப்பல் ஓட்டச் சொல்லிக்குடுத்த டச்சுக்கார வாத்தியார் தொப்பியைக் கழட்டிக் கடல்ல வீசிட்டாராம். அந்தப் பையன் பேரை எல்லா இடத்துலயும் அழிச்சிட்டாங்க. எந்தப் புத்தகத்துலயும் பேரே கிடையாது."

"பேரே இல்லைன்னா, அது இவர்தான்னு எப்படிங்க?" என்று கேட்டாள் கினுயே.

"இல்லாததுதானேம்மா ஆதாரம்!"

ஹிசயோ மெல்லக் குனிந்து பூங்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"பாருங்க சம்பந்தி" என்றார் தோகாஷி. குரலில் ஒரு மருத்துவரின் இரக்கம் வந்துவிட்டது. பல்லைப் பிடுங்கப்போகிறவர் காட்டுவாரே, அந்த இரக்கம். "எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா கல்யாணத்துல வாழ்த்திப் பேச எங்க பல் டாக்டர் சங்கத் தலைவரைக் கூப்பிட்டிருக்கேன். பொண்ணு வீட்டுப் பெருமையைச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். அவர் என்னன்னு சொல்லுவார்? திசைகாட்டியில வாந்தி எடுத்த வம்சம்னா?"

இவாகிரிக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். வாந்தி எடுத்தவனின் கொள்ளுப்பேரன்! ஒரு பாவமும் அறியாத தன் வம்சத்தை இப்படி ஒருத்தர் கண்ணெதிரே கேவலப்படுத்துவதா? பொய்யான தாத்தாவாக இருந்தாலும் தாத்தா தாத்தாதானே? ரோஷம் வந்துவிட்டது.

"டாக்டர், இதை வெளியில சொல்லக் கூடாதுன்னு எங்க வீட்ல சத்தியம் உண்டு" என்றார், குரலைத் தாழ்த்தி. "பேரை அழிச்சது அவமானத்துக்காக இல்லை. பாதுகாப்புக்காக."

"என்ன பாதுகாப்பு?"

"எங்க கொள்ளுத்தாத்தா ஒற்றர்."

கினுயே பாறை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒற்றரா!" தோகாஷியின் கண்கள் விரிந்தன. இரக்கம் போய்ப் பழைய மரியாதை திரும்பி வந்தது. "யாரோட ஒற்றர்?"

கேள்வி சின்னதுதான். இவாகிரிக்கு அந்தக் காலத்து ஆட்களில் ஒருவர் பெயர்தான் ஞாபகம் இருந்தது. அதுவும் எங்கோ அண்மையில் கேட்ட பெயர்.

"ஷோகுனோட ஒற்றர்" என்றார் பெருமையாக. "இந்தக் கடற்கரை பூராவும் அவர் கையிலதான் இருந்துச்சு. எத்தனை பேரை முடிச்சிருக்கார் தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே கேட்டோம் என்பது ஞாபகம் வந்தது.

தோகாஷியின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. காதுவரை சிவந்தது.

"இந்தக் கடற்கரையா?"

"இல்லை டாக்டர், பொதுவா ஒரு கடற்கரை..."

"எங்க கொள்ளுத்தாத்தாவைக் கடற்கரைச் சாலையில மறைஞ்சிருந்து வெட்டினது ஷோகுனோட ஒற்றன்! அந்தக் காலத்துல முதுகுல வெட்டினான் உங்க ஆளு! இப்ப என் வீட்ல பொண்ணைக் குடுத்து உறவாடப் பாக்கறீங்களா?"

"முதுகுலன்னு நீங்க போன தடவை சொல்லவே இல்லையே!"

"முதுகுலதான்! நேருக்கு நேரா வர உங்க வம்சத்துக்குத் துப்பு ஏது?"

"இந்தா, வம்சத்தைப் பத்திப் பேசாதீங்க! உங்க தாத்தா எதுக்கு அந்த நேரத்துல கடற்கரைப் பக்கம் வந்தார்? வைத்தியர்னா வீட்ல உக்காந்து கஷாயம் காய்ச்சணும்!"

"கொலைகாரன் வீட்ல பொண்ணெடுக்கிற குடும்பம் நாங்க இல்லை! ஹிசயோ, கிளம்பு! கல்யாண மண்டபத்துக்கு இப்பவே ஃபோன் போடு!"

"மண்டபத்துக்கு என்னங்க சொல்ல?" என்றார் ஹிசயோ. "நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி ஒரு கொலை நடந்துடுச்சுன்னா?"

இவாகிரியின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. மகள்.

"அப்பா, எல்லாம் நல்லபடியாப் போகுதா?" என்றாள் சினாத்சு. வேலைக்கு நடுவே பேசுகிறாள் என்பது பின்னணிச் சத்தத்தில் தெரிந்தது.

"ம்... நல்லாப் போகுதும்மா. பழைய கதை பேசிட்டிருக்கோம்."

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ குடும்ப மரம் வரையச் சொன்னாங்களே, அப்ப உங்களைக் கேட்டேன். தாத்தாவுக்கு மேல தெரியாதும்மான்னு சொல்லிட்டு, அந்த இடத்துல ஒரு பஸ் வரைஞ்சு குடுத்தீங்க. இப்ப எங்கிருந்துப்பா கடற்படை வந்துச்சு?"

காற்று ஃபோனுக்குள் இரைந்தது.

"எனக்கு அதெல்லாம் வேணாம்பா. இத்சுகிகிட்ட முதல் நாளே சொல்லியிருக்கேன், எங்கப்பா எழுதின அட்டவணையில ஒரு பஸ்ஸும் தாமதமா வந்ததில்லைன்னு. அவன் அதைக் கேட்டுத்தான் என்கிட்ட மறுபடி பேச வந்தான். சரி, கூப்பிடறாங்க. வெச்சிடறேன்."

இவாகிரி ஃபோனைப் பைக்குள் போட்டார். குனிந்து கால்சட்டையை மேலே சுருட்டி, முட்டிக்கவசங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இரண்டையும் தோகாஷியின் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு?" என்றார் தோகாஷி, கோபம் தணியாமல்.

"என் முட்டி நல்லாத்தான் இருக்கு டாக்டர். எங்க கொள்ளுத்தாத்தா கடற்படையில இல்லை. ஒற்றர் இல்லை. யாரையும் வெட்டலை. வாந்தியும் எடுக்கலை, எடுத்திருந்தா வீட்டுக் கொல்லையில எடுத்திருப்பார். அவர் இந்தக் கரையோரம் மரத்தொட்டி செஞ்சு வித்தவர். குளிக்கிற தொட்டி, மீன் அள்ளுற தொட்டி, ஊறுகாய் போடற தொட்டி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இந்தக் கல்லை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன். எங்க பஸ் நிறுத்தத்துக்கு இந்தப் பேரு. வாயில வந்துடுச்சு. தப்பு என் மேலதான். பொண்ணு மேல கோபம் வேணாம்."

தலைகுனிந்து நின்றார். கினுயே எழுந்துவந்து அவருக்குப் பக்கத்தில் நின்று தானும் தலைகுனிந்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் அவருக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான், ஆனால் பெரியது.

தோகாஷி முட்டிக்கவசங்களைக் கையில் பிடித்தபடி பாறை ஓரம்வரை நடந்துபோய், கடலைப் பார்த்து முதுகு காட்டி நின்றார். அலை அடித்து அடித்துத் திரும்பிப் போனது. இவாகிரிக்கு மகளின் முகம் கண்ணில் வந்தது.

"மேளம்" என்றார் தோகாஷி, திரும்பாமலே.

"என்ன மேளம் டாக்டர்?"

"எங்க கொள்ளுத்தாத்தா மேளம் வெச்சிருந்தார்." ஒவ்வொரு வார்த்தையும் மயக்க ஊசி போடாமல் பிடுங்கின பல்லாக வந்தது. "திருவிழா சந்தையில பல் பிடுங்குறவர். அவர் பல்லை இழுக்கிறப்போ, பக்கத்துல ஒருத்தன் மேளத்தைப் போட்டு அடிப்பான். அலர்ற சத்தம் வெளியில கேட்டா அடுத்த ஆள் உக்கார மாட்டான் பாருங்க, அதுக்கு. அரண்மனையும் இல்லை, பிரபுவும் இல்லை. யாரும் வெட்டவும் இல்லை. மேளத்துல தடுக்கி விழுந்து செத்தார்."



"ஏங்க" என்றார் ஹிசயோ, மிக மெதுவாக. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வருஷா வருஷம் அவர் நினைவு நாள்ல அந்தக் கத்திக்கு நான் பூ வெச்சு, பட்டுத் துணியால துடைச்சு, சாப்பிடாம விரதம் இருக்கேனே. அந்தக் கத்தி?"

"பழைய சாமான் கடை."

"விரதம்?"

"அது... உன் உடம்புக்கும் நல்லதுதானேன்னு..."

ஹிசயோ கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு பூங்கொத்தைத் தூக்கி அவர் மண்டையில் ஒரு போடு போட்டார். வெள்ளை இதழ்கள் காற்றில் பறந்தன. முதலில் சிரித்தது கினுயேதான். அடக்க முடியாமல் அவள் சிரிக்க, ஹிசயோவும் சிரிக்க, தலையில் இதழ்களோடு நின்ற தோகாஷி, "தொட்டியாம், தொட்டி! நீங்க தொட்டி, நாங்க மேளம்! ரெண்டும் ஒரே மரம்தான் சம்பந்தி!" என்று இவாகிரியின் தோளில் ஓங்கி அறைந்தார்.

"அப்ப கல்யாணம்?"

"நடக்கும்! பசிக்குது, வாங்க!"

கல்லுக்குப் போகிற பாதையின் தொடக்கத்திலேயே, கல்லும் கடலும் தெரிகிற மாதிரி ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. பெண்கள் இருவரும் கைகோர்த்துக்கொண்டு முன்னால் போனார்கள். இனி இந்த ஆண்களை என்ன செய்வது என்பது பற்றி ஆலோசனை நடந்தது. ஆண்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். இவாகிரிக்கு உடம்பு பஞ்சாக இருந்தது. பொய் இறங்கின இடத்தில் பசி ஏறியிருந்தது.

கடைக்காரம்மா பருத்த உடம்பும் உரத்த குரலுமாக வரவேற்றாள். குளிர்காலம் ஆயிற்றே, வேறு என்ன? பேத்தை மீன்தான். விஷப்பையை எடுத்துவிட்டு, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, தட்டின் பூ வேலைப்பாடு தெரியும்படி விசிறி மாதிரி அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே சூடான மது. நால்வரும் கிண்ணத்தை உயர்த்தித் தொட்டிக்கும் மேளத்துக்கும் வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள். தோகாஷி ஒரே இழுப்பில் ஆறேழு துண்டுகளை அள்ளி வாயில் போட்டார்.

"உங்களைப் பார்த்ததுல எனக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றாள் கடைக்காரம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "அடுப்படி ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டே இருந்தேன். அந்தக் கல்லுக்குப் பூ வெச்சு, குனிஞ்சு கும்பிட்டு... இந்தக் காலத்துல யாருங்க சாப்பிடறதுக்கு முந்தி போய்க் கும்பிடறாங்க? நேரா வந்து தட்டுல கையை வைக்கிறவங்கதான்."

"கடற்படை வீரர்களாச்சே" என்றார் தோகாஷி, மென்றுகொண்டே.

"கடற்படையா? அந்தக் கல்லு மேட்டு மேலங்க, வலப்பக்கப் பாதை. இத்தனூண்டு இருக்கும், அதுல ஒரு பேரும் கிடையாது. நீங்க கும்பிட்டது எங்க கல்லு."

தோகாஷியின் தாடை பாதி மெல்லலில் நின்றது. "உங்க கல்லுன்னா?"

"பேத்தைக் கல்லு. இந்த மீனைச் சரியாச் சுத்தம் பண்ணாம, துணிஞ்சு தின்னு உயிரை விட்டாங்களே, அந்த ஆவிகளுக்கு வெச்சது. ஒவ்வொருத்தர் போறப்பவும் பின்னாடி ஒரு பேரு ஏறும்."

நாலு ஜோடிக் குச்சிகள் தட்டுக்கு மேல் அந்தரத்தில் நின்றன.

"அந்த... சுரண்டியிருக்கே ஒரு பேரு?" என்றார் தோகாஷி, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாத குரலில்.

"ஓ, அவரா!" கடைக்காரம்மா கிண்ணங்களில் மதுவை நிரப்பிக்கொண்டே சிரித்தாள். "அசையாமக் கிடந்தவரைச் செத்துட்டார்னு அவசரப்பட்டுச் செதுக்கிட்டாங்க. மூணாம் நாள் எழுந்து உக்காந்து, மீதி மீன் எங்கேன்னு கேட்டாராம், அப்புறம்தான் சுரண்டினாங்க. இந்தக் கரையில தொட்டி செஞ்சு வித்த மனுஷன்... பேரு என்னமோ சொல்வாங்களே... ஆங், இவாகிரி!"